மூன்று விரல் அகலம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் சுகம். அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

ஆபரேஷன் நடக்கவில்லை. போன வாரம் நீ போனில் கேட்டபோது "நடக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சட்டைக் கம்பெனி முதலாளியின் மேஜை ஓரமாக நின்று, பன்னிரண்டு பேர் மிஷினை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கும்போது எனக்கு வாயில் வார்த்தை வராது. உனக்குத் தெரியாததா. எழுதினால் வருகிறது.

மார்பில் இருக்கும் கட்டியை எடுக்கிற டாக்டர் சரி என்றுதான் சொன்னார். பிறகு மயக்க மருந்து டாக்டரிடம் அனுப்பினார்கள். வயதானவர். கட்டியை அவர் பார்க்கவே இல்லை. அம்மாவை நாற்காலியில் நேராக உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொன்னார். நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்தார். கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொன்னார். தாடைக்குக் கீழே விரல் வைத்து அளந்தார். மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கும். சீட்டில் எழுதிக்கொண்டே, "இவங்களுக்கு இங்க மயக்கம் கொடுக்க முடியாதும்மா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்றார்.

"கட்டி நெஞ்சுல இருக்கு. வாயில என்ன பாத்தீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"வாய்தாம்மா எங்களுக்கு வழி" என்றார். அவ்வளவுதான். எனக்கு இன்னும் கேட்க வேண்டியிருந்தது. கதவு வரை போய்த் திரும்பினேன். அதற்குள் அடுத்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் செப்டம்பர் பதினெட்டாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். டிசம்பரில் கட்டி சட்டைக் கழுத்துப் பொத்தான் அளவு இருந்தது. இப்போது கோட்டுப் பொத்தான். செப்டம்பரில் என்னவாக இருக்கும் என்று அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நீ வேலை செய்வது இந்த மயக்க மருந்து டாக்டர்கள் பக்கத்தில்தானே. அவர் என்ன பார்த்தார் என்று எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை,
பொத்தான்


மார்ச் 19

என் பொத்தானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கால் வலி ஒன்றைத் தவிர. ஆபரேஷன் தியேட்டரில் ஒன்பது மணி நேரம் நிற்கிற யாருக்கும் அது உண்டு.

கேட்டாயே, சொல்கிறேன். ஆளைத் தூங்க வைத்து உடம்பைத் தளர்த்தும் மருந்தைக் கொடுத்துவிட்டால் அவர் சொந்தமாக மூச்சு விட மாட்டார். நாங்கள்தான் அவருக்காக விட வேண்டும். அதற்கு வாய் வழியாக ஒரு குழாயை மூச்சுப் பாதைக்குள் இறக்குவார்கள். நாக்கை ஒதுக்கித் தூக்கிப் பிடிக்க வளைந்த தகடு ஒன்று இருக்கிறது, அதில் சின்ன விளக்கு. காலையில் வந்ததும் அந்த விளக்கை என் உள்ளங்கையில் அடித்துப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. வழி கண்ணுக்குத் தெரிந்தால் குழாய் இருபது விநாடியில் உள்ளே போய்விடும். தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை உனக்கு எழுத மாட்டேன்.

அதனால்தான் முன்கூட்டியே பார்க்கிறார்கள். வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்ப்பார்கள். அவரவர் விரல் மூன்றைச் சேர்த்து நிமிர்த்தி வைத்தால் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் நுழைய வேண்டும். நாக்கை நீட்டினால் உள்நாக்கு தெரிய வேண்டும். தலையைச் சாய்த்தால் தாடை நுனிக்கும் தொண்டை எலும்புக்கும் நடுவில் இன்னொரு மூன்று விரல் இடம் வேண்டும். முதுகு அசையாமல் கழுத்து மட்டும் வளைய வேண்டும். நம் அம்மாவுக்குத் தாடையே கிடையாதே. சிறு வயதில் நான் அதைக் கிண்டல் பண்ணி அடி வாங்கியிருக்கிறேன்.

இதில் ஏமாற்றுகிறவர்களும் உண்டு தெரியுமா. நாக்கை நீட்டும்போது "ஆ" என்று சொன்னால் அண்ணம் மேலே ஏறி, இல்லாத இடம் இருப்பதுபோலத் தெரியும். போன மாதம் ஒரு லாரி ஓட்டுநர் கச்சேரி மாதிரி இழுத்தார். எங்கள் டாக்டர், "அண்ணே, பாடி முடிச்சிட்டுச் சொல்லுங்க, அப்புறம் பாக்கறேன்" என்றார். முதுகை வளைத்துவிட்டுக் கழுத்து வளைகிறது என்று காட்டுகிற ஆட்கள், தாடையை முன்னால் தள்ளிக் காட்டுகிற ஆட்கள் எல்லாம் பார்த்திருக்கிறேன். பாவம், பரீட்சை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எப்படியாவது பாஸ் பண்ணத் துடிக்கிறார்கள்.

அம்மாவை நன்றாக வெளிச்சத்தில் உட்கார வைத்து நீயே அளந்து எழுது. மறைக்காமல் எழுது.

அக்கா


மார்ச் 31

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இங்கே நான் நலம். அம்மா இஸ்திரி வேலைக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். இடது கையைத் தூக்க முடியாததால் வலது கையாலேயே இழுக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் பக்கத்தில் அளந்தேன். "மாடு வாங்க வந்தவன் மாதிரி பல்லைப் பிடிச்சுப் பாக்கறியே, வயசு சொல்லட்டுமா?" என்று அம்மா சிரித்தாள். சிரித்தபோதுகூட வாய் பெரிதாகத் திறக்கவில்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். இத்தனை வருடம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

அவளுடைய விரலில் இரண்டு நுழைகிறது. மூன்றாவது விரலை வைத்தால் பல்லில் இடிக்கிறது. நாக்கை நீட்டினால் நாக்குதான் தெரிகிறது. அதற்கு மேலே அண்ணத்தின் முன்பக்கம், கடினமாக இருக்குமே, அது மட்டும். உள்நாக்கு இல்லவே இல்லை. தாடைக்கும் தொண்டைக்கும் நடுவில் இரண்டு விரல். கழுத்து, மேலே பரணைப் பார்க்கும் அளவுக்குத்தான் போகிறது.

இது எவ்வளவு மோசம் என்று எழுது. அம்மாவிடம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

பொத்தான்


ஏப்ரல் 20

பொத்தானுக்கு,

நான் நலம். பதில் எழுதத் தாமதம் ஆனதற்கு வேலைதான் காரணம் என்று எழுத நினைத்தேன். வேலை காரணம் இல்லை.

நீ எழுதிய அளவுகளை எங்கள் டாக்டரிடம் காட்டினேன், யாருடையது என்று சொல்லாமல். "இந்தப் பேஷண்ட்டைத் தூங்க வெச்சிட்டுத் தேடக் கூடாது" என்றார். இப்படிப்பட்டவர்களுக்கு முழித்திருக்கும்போதே, தொண்டையை மரத்துப்போக வைத்து, மூக்கு வழியாக விளக்கு உள்ள மெல்லிய குழாயை விட்டு வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் மருந்து கொடுப்பார்கள். அதற்கான கருவியும் பழகின கையும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கும். முதலில் பார்த்த அந்த வயதானவர் நல்ல டாக்டர். முடியாது என்று சொல்லத் தெரிந்தவர் கிடைப்பது கஷ்டம்.

செப்டம்பர் வரை பொறு. சின்ன ஆஸ்பத்திரி எதற்கும் கூட்டிக்கொண்டு போகாதே.

கட்டியைப் பற்றி ஏதோ கேட்டிருந்தாய். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அம்மாவைக் கனம் தூக்க விடாதே.

அக்கா


மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இரு. நான் இருக்கிறேன்.

கட்டியைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. நீதான் நான் கேட்டதாக எழுதியிருந்தாய். அதனால் இப்போது சொல்கிறேன். கட்டிக்கு மேல் தோல் சுருங்கி உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது, நூலை இறுக்கி இழுத்துத் தைத்த இடம் மாதிரி. அக்குளில் இன்னொன்று வந்திருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் தேதியை முன்னால் போடச் சொல்லிக் கேட்டோம். ஜன்னலுக்குள் இருந்தவர், "எல்லாருக்கும் அவசரம்தாம்மா" என்றார். அவர் சொன்னதும் சரிதான். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்குக் கழுத்திலேயே கட்டி இருந்தது.

ரயில்வே பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி இருக்கிறது. இருபது படுக்கை. முதலாளியே ஆபரேஷன் பண்ணுகிற டாக்டர். அம்மாவைப் பார்த்துவிட்டு, "இதுக்கா செப்டம்பர் வரைக்கும் காத்திருக்கீங்க? ஜூன்ல பண்ணிடலாம்" என்றார். மயக்க மருந்து டாக்டர் பார்த்துச் சரி சொன்னால் போதுமாம்.

வாயைத் திறந்து பழகினால் திறப்பு கூடுமா அக்கா? அம்மாவும் நானும் காலையில் இஸ்திரிப் பெட்டி சூடாகும் வரை பழகுகிறோம். இப்போது இரண்டரை விரல் நுழைகிறது. கழுத்துக்கும் எண்ணெய் போட்டு நீவி விடுகிறேன்.

பொத்தான்


மே 26

பொத்தானுக்கு,

நான் சுகமாக இல்லை. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து இல்லை.

வாய் கொஞ்சம் பழகும். தாடை எலும்பு பழகாது. நாக்கின் பருமன் பழகாது. எண்ணெய் போட்டால் கழுத்து மினுக்கும், அவ்வளவுதான்.

ஜூனில் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்குளில் வந்திருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் போனால், உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக, "வேற ஆஸ்பத்திரியில இவங்களுக்கு மயக்கம் கொடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிடு. அந்த வயதானவர் எழுதிக் கொடுத்த சீட்டை மேஜையில் வை. அம்மா மறைப்பாள். அவளுக்கு எப்படியாவது முடித்துக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். சொல்ல வேண்டியது நீ. நாலு வார்த்தை. எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னதற்காகப் பள்ளிக்கூடத்தையே விட்டாயே, அந்த மாதிரி அங்கே பேசாமல் நின்றுவிடாதே.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். நல்ல செய்தி.

மயக்க மருந்து டாக்டர் பார்த்துவிட்டார். சரி சொல்லிவிட்டார். சின்ன வயதுப் பெண் டாக்டர். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேஜை முழுவதும் தேடினார். அம்மா, "தலையில இருக்கு டாக்டர்" என்றாள். "தினமும் யாராவது சொன்னாதான் கிடைக்குது" என்று சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. "நீ மகளா? என்ன படிக்கற?" என்று கேட்டார். அம்மாதான் "பொத்தான் தைக்கறா" என்றாள். "அது எனக்கு வராத வேலை" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

அம்மாவின் வாயை, கழுத்தை, தாடையை எல்லாம் பார்த்தார். "நல்லா இருக்கும்மா, பயப்படாதீங்க" என்றார். வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன்.

மே மாதம் நீ கடிதம் எழுதியிருந்தால் அது இன்னும் வந்து சேரவில்லை. தபால் ரொம்பத் தாமதமாகிறது.

பொத்தான்


ஜூன் 25

அக்காவுக்கு,

எங்கள் கம்பெனி முதலாளி அன்றே உனக்கு போன் போட்டுச் சொல்லியிருப்பார். அவர் பாதிதான் சொல்லியிருப்பார். மீதியை எழுதுகிறேன்.

எட்டு மணிக்கு உள்ளே கொண்டு போனார்கள். வெளியே பெஞ்சில் நானும், யாருக்கோ காத்திருந்த ஒரு தாத்தாவும் மட்டும். கால் மணி நேரத்துக்குள் கதவு திறந்து ஒரு உதவியாள் ஓடினார். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது, அதை எடுக்கத் திரும்பவில்லை. தாத்தா, "ஏதோ மறந்துட்டாங்க போல" என்றார். பிறகு ஆபரேஷன் டாக்டர் அந்தக் கதவு வழியாக வெளியே வந்து, சுவரைப் பார்த்து நின்று, மறுபடி உள்ளே போனார். அவர் கையில் உறை இல்லை. கத்தியை அவர் தொடவே இல்லை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஒன்பதரைக்கு அந்த இளைய மயக்க மருந்து டாக்டர் வந்தார். என் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தார். "வேற பெரியவங்க யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். "சரி, உன்கிட்டயே சொல்றேன். மருந்து கொடுத்தேன். குழாய் போடப் போனா வழி தெரியலை. ஒண்ணுமே தெரியலை. முகமூடி வெச்சுக் காத்து கொடுத்தேன், அதுவும் சரியாப் போகலை. கடைசியில கழுத்துல ஓட்டை போட்டுத்தான் மூச்சு கொடுக்க முடிஞ்சுது. அதுக்குள்ள எட்டு நிமிஷம் ஆயிடுச்சு." அந்த எட்டு என்ற எண்ணைச் சொல்லும்போது அவர் குரல் கீழே போய்விட்டது.

அம்மா உயிரோடு இருக்கிறாள். கண் திறந்திருக்கிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. கட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இளைய டாக்டர் தினமும் தன் வேலை முடிந்ததும் வந்து அம்மாவின் கட்டிலில் உட்காருகிறார். கழுத்தில் இருக்கும் குழாயைத் தானே சுத்தம் பண்ணுகிறார், நர்ஸை விடுவதில்லை. நேற்று தன் குறிப்பை எடுத்து எனக்குப் படித்துக் காட்டினார். வாய் திறப்பு போதுமானது, உள்நாக்கு தெரிகிறது, தாடை இடைவெளி மூன்று விரல், கழுத்து அசைவு நன்று. "இதை நான்தான் எழுதினேன். என் கையெழுத்து. நான் பாத்தேன். எப்படி இப்படி எழுதினேன்னு எனக்கே தெரியலை" என்றார். என்னிடம் கேட்பது போலவே இருந்தது.

ஆஸ்பத்திரியில் விசாரணை வைக்கப் போகிறார்களாம்.

நீ எப்போது வருவாய்?

பொத்தான்


ஜூலை 16

பொத்தானுக்கு,

நான் வர முடியாது. என் இடத்தில் நிற்க ஆள் இல்லை, விடுமுறை டிசம்பரில்தான். அம்மாவின் உடம்பைத் திருப்பித் திருப்பிப் படுக்க வை, முதுகில் புண் வந்துவிடும்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். உள்நாக்கு தெரிந்ததாக அந்த டாக்டர் எழுதியிருக்கிறார். மார்ச்சில் நீ பார்த்தபோது அண்ணத்தின் முன்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. இரண்டு விரல் இடைவெளி மூன்று விரல் ஆகியிருக்கிறது. இரண்டு மாதத்தில் அம்மாவுக்கு வேறு தாடை முளைத்துவிட்டதா?

நீ என்ன செய்தாய் என்று கேட்க மாட்டேன். கேட்டால் எழுதுவாய். எழுதினால் அது காகிதத்தில் இருக்கும்.

மார்ச் மாதம் நான் எழுதிய கடிதத்தை எரித்துவிடு. ஓட்டுநர் கதை எழுதியிருந்தேனே, அது. அதில் என் கையெழுத்து இருக்கிறது, நான் வேலை செய்யும் இடம் இருக்கிறது. ஒரு தியேட்டர் உதவியாள் வெளியாளுக்குச் சோதனையை ஏமாற்றச் சொல்லிக் கொடுத்தாள் என்று ஆகிவிட்டால் எனக்கு இங்கே மட்டுமல்ல, எங்கேயும் வேலை கிடையாது. பிறகு அம்மாவை யார் பார்ப்பது? நான் சொல்லிக் கொடுக்கவில்லை. சிரிப்பதற்காக எழுதினேன். அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த டாக்டர் படித்தவர். எப்படியாவது பிழைத்துக்கொள்வார். விசாரணைக்குக் கூப்பிட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல். அதுகூட வேண்டாம், பேசாமல் இரு. அது உனக்குப் புதிது இல்லையே.

அக்கா


ஆகஸ்ட் 6

அக்காவுக்கு,

அம்மாவைத் திருப்பித்தான் படுக்க வைக்கிறேன். புண் இதுவரை இல்லை. நானும் நன்றாகத்தான் இருக்கிறேன்.

நீ கேட்காததை எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப்போடு.

உன் மே மாதக் கடிதம் ஜூன் ஆறாம் தேதியே வந்துவிட்டது. வரவில்லை என்று நான் எழுதியது பொய். அதைப் படித்த பிறகுதான் அம்மாவை அந்த டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வயதானவர் கொடுத்த சீட்டு வீட்டில் அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்தது. நானே வைத்தேன்.

மே மாதம் முழுவதும் நாங்கள் பழகியது வாயைத் திறக்க மட்டும் இல்லை. நாக்கை நீட்டும்போது சத்தம் வெளியே கேட்காமல், மூச்சுக்குள்ளேயே "ஆ" சொல்ல அம்மாவுக்குப் பழக்கினேன். கண்ணாடியை அவள் முகத்துக்கு எதிரில் பிடித்து, "இப்ப தெரியுது, இப்ப தெரியலை" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். தாடைக்குக் கீழே விரல் வரும்போது கீழ்த்தாடையை முன்னால் தள்ள வேண்டும், ஆனால் பல் வெளியே தெரியக் கூடாது. அது வர இரண்டு வாரம் ஆயிற்று. கழுத்துக்கு, சால்வையை நன்றாகப் போர்த்திக்கொண்டு முதுகால் சாய வேண்டும். "நாடகத்துல சேத்துவிடலாம் போல இருக்கேடி என்னை" என்றாள் அம்மா. அந்த மாதம்தான் நாங்கள் இருவரும் நிறையச் சிரித்தோம். அவளுக்கு இது எதற்கு என்று தெரியும். எவ்வளவு ஆபத்து என்று தெரியாது. நீ ஏப்ரலில் எழுதியதை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

டாக்டர், "இதுக்கு முன்னால எங்கயாவது மயக்கம் கொடுக்க மாட்டோம்னு சொன்னாங்களா?" என்று கேட்கவும் செய்தார். அம்மா இல்லை என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். நான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் சிரித்தார். பிறகு "நல்லா இருக்கும்மா" என்று சொன்னதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. என் வாழ்க்கையில் நான் சொல்லிக் கொடுத்து ஒருவர் பாஸ் ஆனது அன்றைக்குத்தான்.

விசாரணை இந்த மாதம் முதல் தேதி நடந்தது. நான் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். மாடியில் ஒரு நீள அறை. ஆஸ்பத்திரி முதலாளி, வெளியே இருந்து வந்த டாக்டர் இருவர், ஓரமாக இளைய டாக்டர். நான் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய் நின்றேன். சொன்னேன் அக்கா. இப்போது உனக்கு எழுதியதை எல்லாம் வாயால் சொன்னேன். நடுவில் வார்த்தை நின்றபோது முதலிலிருந்து மறுபடி சொன்னேன். "டாக்டர் மேல தப்பு இல்லை. நான்தான் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன்" என்றேன்.

முதலாளி, "எந்த வகுப்பு வரைக்கும் படிச்சிருக்க?" என்று கேட்டார்.

"எட்டு."

"எட்டாம் வகுப்பு படிச்ச பொண்ணு, அண்ணம், தாடை இடைவெளி, கழுத்து அசைவுன்னு எல்லாம் பேசுது. எங்க நர்ஸுக்கே இவ்வளவு தெரியாது." வெளியே இருந்து வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் கொஞ்சம் நல்ல மாதிரியாக, "பயப்படாம சொல்லும்மா. இதை எல்லாம் உனக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டார்.

உன் மார்ச் மாதக் கடிதத்தை நான் அதுவரை எரிக்கவில்லை. அப்போது அது என் பையில் இருந்தது, மூன்றாக மடித்து. எடுத்து மேஜையில் வைத்தால் போதும். ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம்.

அவர் இரண்டாவது தடவையும் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

முதலாளி இளைய டாக்டர் பக்கம் திரும்பி, "தினமும் சாயங்காலம் இவங்க கட்டில் பக்கத்துலதானே உக்காந்திருக்கீங்க? நல்லாத்தான் பாடம் எடுத்திருக்கீங்க" என்றார். இளைய டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது உண்மை என்று அவருக்கு அப்போது தெரிந்துவிட்டது. நான் சொல்லாத ஒருவர் இருக்கிறார் என்பதும் தெரிந்துவிட்டது.

கவனக் குறைவுக்கு மேலே, சாட்சியைத் தயார் செய்தது என்று இன்னொன்றையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். அவர் இனிமேல் மயக்க மருந்து கொடுக்கக் கூடாதாம். நான் பேசாமல் வீட்டில் இருந்திருந்தால் முதலாவது மட்டும்தான் இருந்திருக்கும், ஆறு மாதத்தில் திரும்ப வந்திருப்பார் என்று நர்ஸ் என்னிடம் சொன்னாள்.

கடைசி நாள் வந்து அம்மாவின் குழாயைச் சுத்தம் பண்ணினார். எப்படிச் செய்வது என்று எனக்குக் காட்டினார், இனி அவர் வர மாட்டார் என்பதால். நான் ஏதோ சொல்லப் போனேன். "வேண்டாம். நீ சொன்னதும் சொல்லாததும் போதும். ஏமாத்தறாங்களான்னு பாக்க வேண்டியது என் வேலைதானே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் வந்து அம்மாவைப் பார்த்தார். செப்டம்பர் தேதியை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அது நியாயம்தான். கட்டி இப்போது பொத்தான் அளவு எதற்கும் அடங்காது. அம்மாவுக்கு வலிக்கிறதா என்று கேட்டால் பதில் இல்லை, ஆனால் அந்தப் பக்கம் திருப்பும்போது கண்ணில் தண்ணீர் வருகிறது. அது வெறும் கண்ணீர்ச் சுரப்பு என்கிறாள் நர்ஸ்.

டிசம்பரில் நீ வந்தால் வா. அதற்குள் அம்மா இருப்பாளா என்று தெரியாது. நான் இருப்பேன்.

உன் பெயர் எங்கும் வரவில்லை. உன் கடிதத்தை அன்று சாயங்காலமே அடுப்பில் போட்டுவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குத் தூங்கு. உன் வேலை பத்திரமாக இருக்கிறது.

உன் தங்கை